கிழவர் ஹென்னேயின் கல்லறை

போர் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. யோஸ்டுக்கு வயது பதினெட்டு. சமாதானம் என்று பெரியவர்கள் சொல்வது அவனைப் பொறுத்தவரை மோட்சம் மாதிரி ஒரு சங்கதி. இருக்கிறது என்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாருமில்லை.

பன்றி மேய்த்துக்கொண்டிருந்தவனைப் பேரரசரின் படை பன்றிகளோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போனது. பன்றிகளைத் தின்றார்கள். இவனைத் தின்ன முடியாததால் தோளில் சிவப்புக் கச்சையைக் கட்டிக் கையில் ஈட்டியைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் சுவீடன்காரர்களிடம் பிடிபட்டான். அவர்கள் சிவப்பை அவிழ்த்து நீலத்தைக் கட்டினார்கள். அடுத்த கோடையில் மறுபடி பிடிபட்டு, மறுபடி சிவப்பு. இரண்டு பக்கத்திலும் சம்பளம் வரவில்லை. இரண்டு பக்கத்திலும் கடவுள் நம் கட்சி என்றுதான் பாதிரியார் சொன்னார்.

"இப்போ நாம யாரோட சண்டை போடுறோம் அண்ணே?" என்று ஒருநாள் பார்த்தெலைக் கேட்டான். பார்த்தெல் அவனுடைய கார்ப்பரல். பனியில் வெறுங்காலோடு நடுங்கிக்கொண்டு நின்றவனுக்கு, செத்துக் கிடந்த ஒருவனின் பூட்ஸைக் கழற்றி மாட்டிவிட்ட புண்ணியவான்.

"பசியோடதான்டா. மத்ததெல்லாம் சும்மா வேஷம்."

யோஸ்ட் அதையும் நம்பினான். வெளுத்ததெல்லாம் பால் என்கிற ரகம் அவன். அவனை வெள்ளந்தி என்பதா, மண்டு என்பதா என்று கம்பெனியில் இரண்டு கட்சி இருந்தது. எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான். சீட்டாடும்போது எதிராளி "உன் கைல என்னடா இருக்கு?" என்றால் விரித்துக் காட்டிவிடுவான்.

அந்தக் குணத்துக்காகத்தான் கர்னல் அவனை ஏஷன்ரோடுக்குக் காப்புச் சிப்பாயாக அனுப்பினார். ஃபோகல்ஸ்பெர்க் மலைச் சரிவில் காட்டை ஒட்டிய ஊர் அது. ஊர்க்காரர்கள் தங்களிடம் மிஞ்சியிருந்த இரண்டு மாடுகளையும் கர்னலிடம் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுப் பதிலுக்கு ஒரு காப்புக் கடிதம் வாங்கியிருந்தார்கள். இந்த ஊர் என் பாதுகாப்பில் இருக்கிறது, இதில் கை வைப்பவன் தூக்கில் தொங்குவான் என்று எழுதி, கீழே அரக்கு முத்திரை. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் வாசலில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அவனுக்குச் சாப்பாடு ஊர் பொறுப்பு. திருடாத சிப்பாய் ஒருவன் வேண்டுமென்று அறுநூறு பேரில் சல்லடை போட்டுத் தேடியதில் யோஸ்ட் ஒருவன்தான் அகப்பட்டான்.

நவம்பரில் அவன் வந்து சேர்ந்தபோது ஏஷன்ரோடில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். முன்பு இருநூறு பேர் வாழ்ந்த ஊர். படை எதுவானாலும், சிவப்போ நீலமோ, தூரத்தில் குதிரை தெரிந்தால் கோயில் மணியை ஒருமுறை அடிப்பார்கள். எல்லோரும் காட்டுக்குள் ஓடிக் குழிகளில் பதுங்குவார்கள். ஆபத்து நீங்கியதும் மூன்று முறை அடித்தால் திரும்பி வருவார்கள். இனி அந்த மணி யோஸ்டின் பொறுப்பு என்றார் ஊர்த்தலைவர் லேன்ஹார்ட். அவர் அதிகம் பேசாத மனுஷர். முன்பற்கள் நான்கும் சிப்பாய்கள் உடைத்தவை.

அவனுக்கு இடம் கொடுத்தவள் வால்பர்க். புருஷனைக் கொன்றது எந்தக் கச்சை என்று அவளுக்கே தெரியாது. அவளுக்கு ஆறு வயதில் ஒரு பெண், ஒட்டில். காட்டுக் குழியின் ஈரத்தில் கிடந்து கிடந்து பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இருமினால் வீடே இருமுவது போலிருக்கும்.

"காகிதம் குண்டைத் தடுக்குமா தம்பி?" என்று முதல் நாளே கேட்டாள் வால்பர்க்.

"முத்திரை இருக்குக்கா. கர்னலே கையெழுத்துப் போட்டிருக்காரு."

"நீ படிச்சுப் பாத்தியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"அப்போ 'இவனைத் தூக்குல போடு'ன்னு அதுல எழுதியிருந்தாலும் நீட்டிக்கிட்டுத்தான் நிப்ப."

"ஆமாக்கா," என்றான் யோஸ்ட்.

வால்பர்க் சிரித்துவிட்டாள். அம்மா சிரிப்பதை ஒட்டில் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை அவனை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது.

டிசம்பர் முதல் வாரம், மண் உறைந்து இறுகுவதற்கு முன்னால், ஊரில் ஒரு சாவு. கிழவர் ஹென்னே இறந்துவிட்டார் என்றார்கள். யோஸ்ட் அவரைப் பார்த்ததே இல்லை. நோயாளி, வெளியே வருவதில்லை என்று சொன்னார்கள். பெட்டியைத் தூக்க ஆள் பற்றாமல் அவனும் ஒரு மூலையில் தோள் கொடுத்தான். அப்பா, என்ன கனம்! நல்லபடி வாழ்ந்த உடம்பு போல என்று நினைத்துக்கொண்டான். பாதிரியார் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டதால் லேன்ஹார்ட்டே ஜெபம் சொன்னார். யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஒரு மனுஷனுக்கு அழக்கூட நாதியில்லையே என்று யோஸ்டுக்குத் துக்கம் பொங்கிவிட்டது. தேம்பித் தேம்பி அழுதவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான். சிலுவையை நட்டு, கொள்ளைநோயில் செத்தவர் என்பதற்கு அடையாளமாக அதில் ஒரு வைக்கோல் கற்றையைக் கட்டினார்கள். அதைப் பார்த்தால் எந்தச் சிப்பாயும் பக்கத்தில் வரமாட்டான்.

யோஸ்ட் வந்தான். தினமும் காலையில் அந்தக் கல்லறை முன்னால் முழங்கால் போட்டு, தெரிந்த ஒரே ஜெபத்தை மூன்று தடவை சொன்னான். நோய் ஒட்டும் என்று பயமுறுத்தியும் கேட்கவில்லை. "பாவம், அவருக்கு யாருமில்ல," என்றான். ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டது அவன் கண்ணில் படவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு நாற்பது குதிரைவீரர்கள் வந்தார்கள். யோஸ்ட் மணியை ஒருமுறை அடித்துவிட்டு, ஊர் வாசலில் கடிதத்தை நீட்டிக்கொண்டு நின்றான். தலைவன் படித்தான், முத்திரையைத் திருப்பிப் பார்த்தான், காறித் துப்பினான், குதிரையைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு படை ஏஷன்ரோடின் வாசல்வரை வந்து ஒரு கோழி இறகைக்கூடத் தொடாமல் போனது அதுதான் முதல் தடவை. யோஸ்ட் மூன்று முறை மணி அடித்தான். காட்டிலிருந்து வந்தவர்கள் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். லேன்ஹார்ட் உடைந்த பல்லைக் காட்டிச் சிரித்தார். ஒட்டில் அன்றிலிருந்து காட்டுக் குழிக்கு ஓடாமல் அடுப்புப் பக்கத்தில் படுத்தாள். இரண்டு வாரத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது.

ஜனவரியில் பனி முழங்கால் உயரம் கிடந்தது. அப்போதும் யோஸ்ட் கல்லறைக்குப் போவதை விடவில்லை. வால்பர்க்குக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலை பின்னாலேயே போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி தம்பி. முட்டி உறைஞ்சு போயிடும். அங்க யாரும் இல்ல."

"ஆத்மா இருக்கும்ல அக்கா."

"ஆத்மாவும் இல்ல, ஒன்னும் இல்ல. பார்லிதான் இருக்கு. வசந்தத்துக்கு வெச்சிருக்கிற விதை."

யோஸ்ட் எழுந்திருக்கவே இல்லை. "அப்போ ஹென்னே தாத்தா?"

"அப்படி ஒரு ஆளே இந்த ஊர்ல இருந்ததில்ல."

"நான் அழுதேனேக்கா!"

"அழ வேண்டிய பொருளுக்குத்தான் அழுதிருக்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏப்ரல்ல அதை விதைக்கலன்னா அடுத்த குளிருக்கு இங்க ஒரு ஜீவன் மிஞ்சாது. உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு லேன்ஹார்ட் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு. நான் சொன்னது தெரிஞ்சா பிள்ளையும் கையுமா என்னைக் காட்டுக்கு விரட்டிடுவாங்க. உன் மனசோட வெச்சுக்க."

"சரிக்கா," என்றான். இரண்டு நாள் கல்லறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலை பழையபடி கல்லறைக்குப் போனான். பார்லி நன்றாக முளைக்க வேண்டுமென்று ஜெபம் செய்தானாம்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, கோயிலில் மெழுகுவர்த்தி மந்திரிக்கிற திருநாள். நல்ல வெயில். தூரத்தில் காலாட்படை தெரிந்தது. அறுபது பேர் இருக்கும். யோஸ்ட் மணியை ஒருமுறை அடித்தான். ஊர் காலியானது. கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சிவப்புக் கச்சை. முன்னால் கொஞ்சம் நொண்டியபடி வருவது யார்? பார்த்தெல் அண்ணன்! அவனுடைய கம்பெனி, அவனுடைய ஆட்கள்! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. காப்புக் கொடுத்தவரின் சொந்தப் படையே வரும்போது யார் பயப்பட வேண்டும்? ஓடிப்போய் மணியை மூன்று முறை அடித்தான். கேட்டு அடித்திருக்கலாம். விருந்தாளியை வாசலில் பார்த்ததும் அடுப்பை மூட்டுகிற மாதிரி, அவன் அடித்துவிட்டான்.

காட்டுக்குள் மற்றவர்கள் தயங்கினார்கள். இவ்வளவு சீக்கிரமா என்றார் லேன்ஹார்ட். "அடிச்சது அவன்தானே," என்று ஒட்டிலைத் தூக்கிக்கொண்டு முதலில் கிளம்பியவள் வால்பர்க். அவள் பின்னால் ஊரே வந்தது.

கேப்டன் கடிதத்தை வாங்கிப் படித்தார். தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

"கர்னல் ஜுரத்துல செத்து மூணு வாரமாச்சுடா, மடையா."

"கடிதம் இருக்குதே ஐயா?"

"எழுதினவன் மூச்சு இருக்கிற வரைக்கும்தான்டா கடிதம்." கேப்டன் அதை இரண்டாகக் கிழித்தார். படையில் சமையல்காரனுக்குக்கூடத் தெரிந்த வழக்கம் அது. யோஸ்டுக்கு யாரும் சொன்னதில்லை. அவனுக்குக் கேட்கத் தோன்றியதும் இல்லை. வேலியே பயிரை மேய வந்து நின்றது, அதற்குக் கதவைத் திறந்துவிட்டவன் இவன்.

ஊர்க்காரர்களைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு வீடுவீடாகப் புகுந்தார்கள். தரைப்பலகையைப் பெயர்த்தார்கள், கூரையைப் பிரித்தார்கள். கிடைத்தது மூன்று பாலாடைக்கட்டியும் ஒரு ஜாடி புளித்த முட்டைக்கோஸும். அறுபது பேருக்கு அது பல்லுக்குள் ஒட்டக்கூடப் போதாது. "முப்பது பேரு பனியையா தின்னுக்கிட்டு இருந்தீங்க? தானியம் எங்க?" என்று கேட்டுக் கேட்டு லேன்ஹார்ட்டை அடித்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. யோஸ்ட் குறுக்கே விழுந்து, "இவங்க நம்ம ஆளுங்க ஐயா, எனக்குச் சோறு போட்டவங்க," என்று கெஞ்சினான். ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவனைத் தள்ளிவிட்டான்.

கேப்டன் சுற்றும்முற்றும் பார்த்தார். பார்வை ஒட்டில்மேல் போய் நின்றது. "அதைத் தூக்கு," என்றார்.

தூக்கியவன் பார்த்தெல். பிள்ளையின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக் கிணற்றுக்குமேல் நீட்டினான். ஆழமான கிணறு. ஒட்டில் அழவில்லை. பயத்தில் இருமல் மட்டும் வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் அந்தச் சின்ன உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"யாராச்சும் சொல்லுங்க. பத்து எண்ணுவேன்," என்றார் கேப்டன்.

முப்பது பேரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த முப்பது பேரில் இன்னும் ஒன்பது பிள்ளைகள் இருந்தன. வால்பர்க் பேசவில்லை. ஒரு வார்த்தை, கல்லறை என்கிற ஒரே வார்த்தை, அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் கிணற்றையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. யோஸ்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு என்றார் கேப்டன்.

"கல்லறையில!" என்று கத்தினான் யோஸ்ட். "வைக்கோல் கட்டின சிலுவை! அங்க பொணம் இல்ல, பார்லிதான் இருக்கு! பிள்ளைய இறக்கி விடுங்க!"

பிள்ளையை இறக்கிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. பெட்டியோடு தூக்கிவந்து, ஊரார் கண்முன்னாலேயே மூடியைப் பெயர்த்து, கையால் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். சிலர் பச்சையாகவே மென்றார்கள். லேன்ஹார்ட் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஏப்ரலில் ஏஷன்ரோடில் யாரும் எதையும் விதைக்கவில்லை. அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டில் கீழே இறக்கிவிடப்பட்டதும் அம்மாவிடம் ஓடவில்லை. யோஸ்டின் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைப் பிரித்தெடுக்க வால்பர்க் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவன் மெல்லக் கேட்டான். வேறு யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. அவன் ஒருவனால்தான் முடியும்.

"நீங்க ஏன்க்கா சொல்லல?"

வால்பர்க் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்: "நான் சொல்லியிருந்தா நாளைக்கு இந்த ஊர்ல என்னையும் இவளையும் யாரு வெச்சுக்குவா? நீ சொல்லிடுவேன்னு தெரியும். அதான் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

யோஸ்டுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள்மேல் கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தான். வரவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டான்.

அதற்குள் லேன்ஹார்ட் எழுந்து வந்துவிட்டார். முகமெல்லாம் ரத்தம். கேப்டனையோ சிப்பாய்களையோ அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு இதை யாரு சொன்னது?"

ஊரே நெருங்கி வந்தது. வால்பர்க்கின் கை பிள்ளையின் தோளில் அப்படியே நின்றுவிட்டது.

"கேக்குறேன்ல? எங்கள்ல எவன் சொன்னான்? எவ சொன்னா?"

கேட்டால் உள்ளதைச் சொல்கிறவன் யோஸ்ட். பிறந்ததிலிருந்து அதைத் தவிர வேறு தெரியாது.

"யாரும் சொல்லல ஐயா. பெட்டியைத் தூக்கினப்பவே கண்டுபிடிச்சுட்டேன். கிழவன் பொணம் அவ்வளவு கனக்காது."

"அப்போ தினமும் முட்டி போட்டதெல்லாம்?"

"நடிச்சேன்."

லேன்ஹார்ட் அவன் முகத்தில் துப்பினார். "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா? பாவி! உன்னை வெள்ளந்தின்னு நம்பினோமேடா! நீ நல்லாவே இருக்க மாட்டே!"

கம்பெனி கிளம்பியது. பெட்டியை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். காப்பு இல்லாத ஊரில் காப்புச் சிப்பாய்க்கு என்ன வேலை? யோஸ்டையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். பார்த்தெல் வண்டிப் பக்கத்தில் அவனோடு நடந்தான். "நான் கையை விட்டிருக்க மாட்டேன்டா," என்றான். "கேப்டனும் சும்மா மிரட்டினாருதான். பத்துன்னு சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். சத்தியமா."

யோஸ்ட் அவன் முகத்தைப் பார்த்தான். நம்ப வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. முடியவில்லை.

பின்னால் ஊர் வாசல்வரை வந்துவிட்டார்கள். மண்ணை வாரித் தூற்றினார்கள், சாபம் விட்டார்கள். அறுபது துப்பாக்கிக்காரர்களைத் திட்ட எவருக்கும் துணிவில்லை; எல்லாம் இவன் ஒருவன் பெயரைச் சொல்லித்தான். முதல் கல் அவன் தோளில் பட்டது. யோஸ்ட் திரும்பிப் பார்த்தான். எறிந்தவள் வால்பர்க். ஊரார் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, அடுத்த கல்லுக்காகக் குனிந்துகொண்டிருந்தாள். "மாமாவை அடிக்காதேம்மா!" என்று ஒட்டில் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து அலறினாள். இரண்டாவது கல் அவன் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

பார்த்தெலுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவ பிள்ளையைத்தானடா நீ காப்பாத்தின? நன்றி கெட்ட முண்டம். வானத்துல ஒரு குண்டு போட்டா ஓடிடுவா, போடட்டுமா?"

"வேணாம் அண்ணே, எறியட்டும்," என்றான் யோஸ்ட். காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. "அவங்க இனிமே அந்த ஊர்லதானே இருக்கணும்."